சுரண்டிக்காரம்மா

அவரிடம் நான் முதலில் போனதே சண்டை போடத்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மயிலாப்பூர் குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில், மாடி முழுக்க டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். கீழே கொல்லையில் தகரம் போட்ட கொட்டகை ஒன்று. அதுதான் அவருடைய கடைசல் பட்டறை. அறுபதுகளின் கடைசி. நான் அங்கே இன்ஸ்ட்ரக்டராகச் சேர்ந்து பத்து நாள் இருக்கும். பரீட்சை நெருங்கிவிட்டது, பிள்ளைகள் ஸ்பீடு எடுக்க வேண்டும், கீழே மோட்டார் ஓட ஆரம்பித்தால் ஜன்னல் கம்பியெல்லாம் அதிரும். விறுவிறுவென்று இறங்கிப் போய், இதற்கு ஒரு நேரங்காலம் கிடையாதா என்று கேட்டேன்.

அவர் மிஷினை நிறுத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"மேல இருவது மிஷின வெச்சிக்கினு காத்தாலேர்ந்து டக்கு டக்குனு அடிக்கிறியே, நான் என்னிக்காவது ஏறி வந்து கேட்டனா டீச்சர்?" என்றார்.

என் வாயும் சும்மா இருக்கிற வாய் இல்லை. ஆனால் அன்றைக்குச் சண்டை அதோடு நின்றுவிட்டது. அவர் சொன்னது நியாயம், அது ஒன்று. இன்னொன்று, யாரோ மீசைக்காரர் நிற்பார், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று படியிறங்கும்போதே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். மிஷினில் நின்றது ஒரு பொம்பளை. நாற்பத்தைந்து வயசு இருக்கும். ஒல்லி. புடவைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டு முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். தலைப்பு மிஷினில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும் என்பதால் அந்தச் சட்டை. கொண்டையில் மரச்சுருள் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. வந்த கோபத்தை மறந்துவிட்டு அரை மணி நேரம் அங்கேயே நின்று வேடிக்கை பார்த்தேன். மேலே பிள்ளைகள் என்ன அடித்தார்களோ, யாருக்குத் தெரியும்?

அதற்குப் பிறகு எட்டு வருஷம் தினமும் பார்த்திருக்கிறேன். பிறந்தது எங்கே, கட்டிக்கொடுத்தது எங்கே என்று கேட்டால் எனக்குத் தெரியாது. புருஷன் பேச்சை எடுத்தால் "அது ஒரு கதை" என்பார். அந்தக் கதையை எட்டு வருஷத்தில் ஒருநாளும் சொல்லவில்லை. நானும் விடாமல் கேட்டுத்தான் பார்த்தேன்.

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அவர் உப்புத்தாளைத் தொடமாட்டார்.

இது ஒரு குணமா என்று சிரிக்க வேண்டாம். கடைசல் என்றால் மரத்துண்டை மிஷினில் மாட்டிச் சுழலவிட்டு, ஓடுகிற மரத்தின் மேல் உளி பிடித்து உருட்டி எடுக்கிற வேலை. உளி எவ்வளவு நன்றாக ஓடினாலும் எங்காவது நார் பிய்ந்து சொரசொரப்பாக நிற்கும். அந்த இடத்தில் உப்புத்தாளை மடித்து வைத்து நாலு தேய் தேய்த்தால் வழவழவென்று ஆகிவிடும். ஊர் உலகத்தில் அத்தனை பட்டறையிலும் இதுதான் வழக்கம், இதில் தப்பு இருப்பதாக யாருமே நினைத்ததில்லை. இவர் ஒருத்தர்தான், "அறுக்கத் தெரியாதவன் தேய்ப்பான்" என்று சொல்லிக்கொண்டு, அந்தத் தாளைப் பட்டறைக்குள்ளேயே விடமாட்டார்.

அவர் கையில் இருந்தது சுரண்டி. பட்டையான இரும்பு, மழுங்கலாக வளைந்த வாய், நீளமான மரப்பிடி. தொழில்காரர்கள் மத்தியில் அதற்கு ஒரு மரியாதையும் கிடையாது. உளி பிடிக்கத் தெரியாதவன் பிடிக்கிற சாமான், மரத்தைப் பிறாண்டிப் புண்ணாக்குகிற சாமான் என்று பேர். அவர் அதைப் பிடிக்கிற விதமே வேறு. பிடி மேலே தூக்கி, வாய் கொஞ்சம் கீழே பார்த்தபடி இருக்கும். அழுத்தவே மாட்டார், சும்மா தொட்டுக்கொண்டு போவார். இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் மிஷினை விட்டு நகர்ந்து சாணைக் கல்லில் வாயைத் தீட்டுவார். தீட்டினால் வாய் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு ஒன்று எழும்பும். அது இருக்கிறதா என்று கட்டைவிரல் நகத்தில் இழுத்துப் பார்த்துக்கொள்வார். மரத்தைச் சீவுவது அந்தப் பிசிறுதான். அது தேய்ந்த பிறகும் அழுத்தினால்தான் மரம் புண்ணாகும். இவ்வளவுதான் ரகசியம். ஆனால் இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் வேலையை நிறுத்த எந்த ஆம்பிளைக்குப் பொறுமை இருக்கிறது?

"தூளு வந்தா நான் தப்பு பண்றேன்னு அர்த்தம் டீச்சர். சுருள் வரணும்" என்பார். வரும், நூல் மாதிரிச் சுருள் சுருளாகக் கையின் மேல் வந்து விழும். முடிந்ததும் அந்தச் சுருளையே ஒரு கை அள்ளி, ஓடுகிற மரத்தின் மேல் அழுத்துவார். மெருகு ஏறிவிடும்.

சிந்தாதிரிப்பேட்டைக் கடைசல்காரர்கள் அவருக்கு வைத்த பட்டப்பேர் சுரண்டிக்காரம்மா. கேலிக்கு வைத்ததுதான். இவர் என்ன செய்தார் தெரியுமா? போர்டு எழுதுகிறவரைக் கூப்பிட்டு, கொட்டகை வாசலில் அதையே பெரிசாக எழுதச் சொல்லிவிட்டார். போர்டுக்காரர் தயங்கியிருக்கிறார், நல்ல பேராக ஒன்று சொல்லுங்களேன் என்றிருக்கிறார். இதுவே நல்ல பேர்தான், எழுதிவிட்டுப் போய்யா என்று விரட்டினாராம்.

சுரண்டி அவர் கைக்கு வந்த விதத்தை அவரே ஒருநாள் டீ குடித்துக்கொண்டு சொன்னார். அப்பா பெரிய கடைசல்காரர். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு பட்டறை, மயிலாப்பூரில் இந்தக் கொட்டகை. பெண் பிள்ளைக்குக் கூட்டுகிற வேலை மட்டும்தான். இருபது வருஷம் பட்டறை கூட்டியிருக்கிறார். தமக்கு முடியாமல் போனதும் ஒரு ஆயுத பூஜையன்று அப்பா உளி அத்தனையையும் தாம்பாளத்தில் வைத்துத் தம்பி கையில் கொடுத்துவிட்டார். பேட்டைப் பட்டறையும் தம்பிக்கு. பழைய மிஷின் ஒன்றும், டப்பாவில் கிடந்த சுரண்டியும் மட்டும் இங்கே நின்றுபோயின. காய்ந்த பசையைப் பிறாண்ட வைத்திருந்த சுரண்டி அது. யாருக்கும் வேண்டாததால் மிச்சமானது.

ஆயுத பூஜை என்றதும் ஞாபகம் வருகிறது. அன்றைக்கு மேலே எங்கள் டைப் மிஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், பொரி கடலை. தெருவில் சைக்கிள் ரிக்‌ஷாவுக்குக்கூட மாலை போட்டிருக்கும். எந்தத் தொழில்காரரும் சாமானைத் தொடமாட்டார். கீழே மோட்டார் ஓடும். வருஷா வருஷம் ஓடும். மேலே பூஜைக்கு வந்திருந்த வீட்டு ஓனர் ஒருமுறை, பாவம், பதறிப்போய் இறங்கிவந்து, இன்றைக்குக்கூடவா என்று கேட்டார்.

"உளிக்குத்தான பூஜை? சுரண்டிய எங்க வூட்ல ஒரு தபாகூட பலகைல வெச்சது கெடையாது. பூஜை இல்லாததுக்கு லீவு மட்டும் எதுக்கு?" என்றார்.

அப்போ மிஷினுக்கு என்று ஓனர் இழுத்தார். மிஷினுக்குக் காலையிலேயே பொட்டு வைத்தாயிற்று, அது ஒன்றும் கோபித்துக்கொள்ளாது என்று பதில் வந்தது. ஓனர் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எனக்கு உள்ளூர சந்தோஷம்தான். பயமாகவும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

அவர் செய்தது பெரும்பாலும் குழந்தைகள் சாமான். கிலுகிலுப்பை, சொப்பு, நடைவண்டிச் சக்கரம். எல்லாம் வெப்பாலை மரம், வெள்ளையாக மழமழவென்று இருக்கும். தி. நகர் பாண்டி பஜாரில் ஒரு பொம்மைக் கடை அண்ணாச்சி மொத்தமாக எடுத்துக்கொள்வார். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், தங்கமானவர், வாங்குகிறவர்கள் பளபளப்பு கேட்கிறார்கள் என்று மட்டும் அவருக்கு ஒரு குறை. ஒருநாள் கடைப் பையன் கையில் ஒரு கட்டு உப்புத்தாள் கொடுத்தனுப்பிவிட்டார். இனாமாகத்தான். இவர் அந்தக் கட்டை அப்படியே பையில் போட்டுக்கொண்டு, வா டீச்சர் என்று என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

கடையில் சனிக்கிழமைக் கூட்டம். கவுண்டரில் இருந்த ஒரு கிலுகிலுப்பையை எடுத்தார், தாளை எடுத்தார், பத்துத் தரம் தேய்த்தார், அண்ணாச்சி முகத்துக்கு நேரே நீட்டினார்.

"வாய்ல வெய்யி அண்ணாச்சி."

அண்ணாச்சி சிரித்தார். "நான் என்ன பச்சப்புள்ளையாம்மா?"

"உப்புத்தாள்ல கீறது உப்புன்னு நெனச்சிக்கினியா? கண்ணாடித் தூளு. மரத்துக் கண்ணுல பூந்து உக்காந்துக்கும், எத்தினி தபா தொடச்சாலும் வராது. நீ வெக்க மாட்ட. உன் கடைக்கு வர்ற புள்ள மட்டும் வெக்கணுமா?"

 ஒரு மாமி தன் குழந்தை வாயிலிருந்து எதையோ பிடுங்கி எடுத்தாள். அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது. மெல்லப் பேசுங்கம்மா, உங்க இஷ்டப்படியே செய்யுங்க, நான் வாயே திறக்கலை என்று கையெடுத்துக் கும்பிட்டார். உப்புத்தாள் கட்டை அண்ணாச்சி மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்தோம். வருகிற வழியில் நான்தான் வெட்கத்தில் குறுகிக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வறுத்த கடலை தின்றுகொண்டு வந்தார்.

இப்படி எல்லாரையும் எடுத்தெறிந்து பேசினால் ஒருநாள் மாட்டிக்கொள்ள வேண்டிவரும் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். எழுபத்திரண்டோ மூன்றோ, அந்த நாள் வந்தது. கார்ப்பரேஷன் ஆள் ஒருத்தர் லைசென்ஸ் பார்க்க வந்தார். லைசென்ஸ் அப்பா பேரில் இருந்தது. அப்பா நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னாலேயே போய்ச்சேர்ந்தவர். ஒரு மாதத்துக்குள் வாரிசு பேருக்கு மாற்ற வேண்டும், இன்னொரு வாரிசு இருந்தால் அவர் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் கொட்டகைக்குச் சீல் என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னொரு வாரிசு என்றால் தம்பி.

அந்தச் சம்மதக் கடிதத்தை நான் கார்பன் வைத்து மூன்று காப்பி அடித்துக் கொடுத்தேன். தம்பி தொடவே மாட்டேன் என்றுவிட்டார். கெட்டவர் இல்லை. அவருக்கு மானப் பிரச்சினை. அக்கா பொம்பளையாக மிஷின் ஓட்டுவது போதாதென்று, சுரண்டியைப் பிடித்துக்கொண்டு, அதையே போர்டிலும் எழுதிவைத்திருக்கிறாள், பேட்டையில் அத்தனை பேரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று ஒரே பிடிவாதம். அக்காவுக்கு என் வீட்டில் ஒரு இடம் உண்டு, ஒரு தட்டு உண்டு, வந்து உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று சொல்லியனுப்பினார்.

"உக்காந்து துண்றதுக்கா கை கீது?" என்றார் இவர்.  அந்த வாரம் முழுக்கக் கீழே மோட்டார் சத்தம் நிற்கவே இல்லை. எனக்கு மேலே உட்கார்ந்து வேலை ஓடவில்லை. இந்த மனுஷிக்கு வேறு போக்கிடம் கிடையாது, அது எனக்கு நன்றாகத் தெரியும். அவர் சொல்லமாட்டார், அவ்வளவுதான்.

கடைசியில் பேட்டைக் கடைசல்காரர் சங்கத்தில் பஞ்சாயத்து வைத்தார்கள். சங்கத்துக்கு ஒரு பெரியவர், எழுபது வயசு, நெற்றி நிறைய விபூதி. அக்காவும் தம்பியும் ஆளுக்கு ஒரு கிண்ணம் கடையட்டும், அக்காவுடையது தம்பியுடையதைவிடச் சுத்தமாக இருந்தால் தம்பி கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அவர்களுக்குள் ஒரு சோதனை உண்டு. பஞ்சை லேசாகப் பிரித்து, கடைந்த சாமானின் மேல் இழுப்பார்கள். சொரசொரப்பு இருந்தால் பஞ்சு இழை மாட்டும். எத்தனை இழை மாட்டுகிறதோ அவ்வளவு மட்டமான வேலை.

தம்பியின் பட்டறையில்தான் நடந்தது. பெஞ்சில் என்னையும் சேர்த்துப் பத்துப் பேர். தம்பி அப்பாவின் உளியை எடுத்தார். கை அபாரம், பொய் சொல்லக்கூடாது. கிண்ணத்தின் உள்பக்கம் அடிவரைக்கும் மளமளவென்று இறங்கினார். இறக்கிவிட்டு, பழக்க தோஷத்தில், பக்கத்தில் கிடந்த உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தார்.  அங்கே அது திருட்டுத்தனம் இல்லை, வேலையின் கடைசிப் படி. பெரியவர் இவரிடமும் ஒரு தாளை நீட்டினார். இவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, மிஷினின் பெல்ட்டை மாற்றி வேகத்தைக் குறைக்கச் சொன்னார். பிறகு அவர் பாட்டுக்கு வேலையைத் தொடங்கினார். கொஞ்சம் கடைவதும், போய்த் தீட்டுவதும், நகத்தில் இழுத்துப் பார்ப்பதுமாக ஒரு மணி நேரம் ஆயிற்று. பெஞ்சில் கொட்டாவி விட்டார்கள். ஒருத்தர், இதற்குள் நான் ஒரு கட்டிலுக்குக் கால் நாலும் கடைந்திருப்பேன் என்றார்.

பஞ்சு வைத்தார்கள். தம்பியின் கிண்ணத்தில் ஒரு இழை மாட்டவில்லை. இவருடையதில் ஒன்று மாட்டியது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தம்பி எழுந்து துண்டை உதறினார். பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார் இவர். குடிக்கக் கேட்கிறார் என்று ஒரு பையன் சொம்பில் கொண்டுவந்தான். இரண்டு கிண்ணத்தையும் எடுத்து உள்ளும் புறமும் அந்தச் சொம்புத் தண்ணீரை ஊற்றி நனைத்து, வெயில் அடிக்கிற ஜன்னலில் கவிழ்த்துவைத்தார்.

"நான் கடையறது புள்ளைங்க வாய்ல போற சாமான் பெரியவரே. எச்சி படாமயா இருக்கும்? காஞ்ச மேலுக்கு பஞ்ச வெய்யுங்க."

இப்படி ஒரு வழக்கம் கிடையாது என்று இரண்டு பேர் கத்தினார்கள். பெரியவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். டீ வந்தது. சித்திரை வெயில், கால் மணியில் காய்ந்துவிட்டது. பெரியவர் மறுபடி பஞ்சு வைத்தார். தேய்த்த மரத்தில் படுத்துக்கிடந்த நாரெல்லாம் தண்ணீர் பட்டதும் எழுந்து நின்றுவிட்டது. தம்பியின் கிண்ணம் பஞ்சைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது. அங்கே இருந்த ஒருத்தரும் தங்கள் சாமானை நனைத்துப் பார்த்ததே இல்லை, அது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. இவருடையதில் மூன்று இழை. பெரியவர் அந்த மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போடுப்பா என்றார்.

நான் காகிதத்தை நீட்டினேன். தம்பி பேனாவைத் திறந்தார். திரும்ப மூடினார்.

"நைனா இருந்திருந்தா மிஷின உன்னத் தொட வுட்டிருப்பாராக்கா? அத்த மட்டும் சொல்லு. வுட்டிருப்பாருன்னு உன் வாயால சொல்லு, போட்டுட்றேன்."

அதுவும் கேட்கவேண்டிய கேள்விதான் என்று பெரியவர் தலையை ஆட்டினார். பெஞ்சு முழுக்கத் தலையாட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெயித்தாயிற்று, அதற்கப்புறம் செத்தவரைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினால் என்ன அர்த்தம்? சொல்லிவிடுங்களேன், ஒரு பொய்தானே, சொல்லித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"வுட்டிருக்க மாட்டாரு" என்றார் இவர்.

தம்பி பேனாவைக் கீழே வைத்தார்.

"கேட்டுக்கோ. கை கால் வராம நாலு வருசம் மயிலாப்பூர்ல கொட்டாய்க்குப் பக்கத்து ரூம்ல படுத்துக்கினு இருந்தாரு. நீ மாசத்துக்கு ஒரு தபா ஆரஞ்சு வாங்கினு வருவ. மத்த நாள்லாம் அவருக்கு என் மிஷின் சத்தம்தான். யாரு ஓட்றதுன்னு கேட்டாரு. ஆர்க்காட்டுலேர்ந்து ஒரு ஆள வெச்சிக்கீறேன்னு சொன்னேன். சத்தத்த வெச்சே சொல்லுவாரு நைனா, எந்த எடத்துல அறுக்கறான், எந்த எடத்துல தீட்டப் போறான்னு. சுரண்டியிலயே இவ்ளோ சுத்தமா இழுக்கறானே, என் கையிலகூட இப்டி வந்தது இல்ல, அவன மட்டும் வுட்டுடாதன்னாரு. நாலு வருசமும் அதான் சொன்னாரு."

 அவர் குரலில் அழுகை இல்லை. 

தம்பி "கடேசி வரைக்கும் அது நீதான்னு சொல்லலியாக்கா?" என்று கேட்டார்.

"சொல்லியிருந்தா நிறுத்தச் சொல்லியிருப்பாரு. எனக்கு நிறுத்த இஷ்டம் இல்ல" என்றார். "போடு."

மூன்று காப்பியிலும் போட்டார்.